ரோசலீனிடம் யார் மன்னிப்பு கேட்டார்கள்?

[திரையில்: இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த ஒரு வீடு. அதன் பின்புறம் தேன்பெட்டிகள்.]

வணக்கம். 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பீஸ்' நாவலைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு அம்மாவிடம் வந்து நிற்கும். லில்லி தன் அம்மாவை மன்னிக்கிற பக்கங்களில் கண் கலங்காதவர்கள் குறைவு. நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் இதே நாவலை மனத்தாங்கலோடு மூடிவைத்த வாசகர்களும் உண்டு. இன்று அவர்கள் பக்கத்தையும் கேட்போம். முடிவு வரைக்கும் பேசப் போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் கவனம்.

முதலில் கதை. 1964, அமெரிக்காவின் தெற்கு கரோலினா. லில்லி ஓவன்ஸ் 14 வயது வெள்ளைக்காரப் பெண். அவளுக்கு 4 வயதில், அப்பா அம்மா சண்டைக்கு நடுவே அவள் கையில் இருந்த துப்பாக்கி வெடித்து அம்மா இறந்துபோனாள். அந்தக் குற்ற உணர்வு போதாதென்று, "உன் அம்மா உன்னை விட்டுவிட்டுப் போனவள்" என்கிறார் அப்பா. லில்லியை வளர்த்தது ரோசலீன் என்ற கறுப்பினப் பெண். இருவரும் வீட்டைவிட்டு ஓடி, தேனீ வளர்க்கும் மூன்று கறுப்பினச் சகோதரிகளின் வீட்டில் போய்ச் சேர்கிறார்கள். ஆகஸ்ட், ஜூன், மே என்று மூவருக்கும் மாதங்களின் பெயர். எழுதிய சூ மங்க் கிட், ஜார்ஜியாவில் வளர்ந்த வெள்ளைக்காரர். அவர் வளர்ந்த வீட்டின் சுவருக்குள்ளேயே தேனீக்கள் குடியிருந்தன. லில்லியின் அறைக்குள் இரவில் பறக்கும் தேனீக்கள் அங்கிருந்து வந்தவை.

சரி, மனத்தாங்கல் எதில்? கறுப்பினப் பெண்கள் எல்லோரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் காயத்தை ஆற்றுவதற்காகவே இருப்பதுபோல் தெரிகிறது என்பதுதான். ஆகஸ்ட் அவளுக்கு அறிவு சொல்கிறாள், சோறு போடுகிறாள், பொறுமையாகக் காத்திருக்கிறாள். ஆகஸ்டுக்கு என்ன வலி என்று கேட்க நாவலில் ஆள் இல்லை. மே ஊரார் துயரத்தையெல்லாம் தன் துயரமாகச் சுமந்து, கடைசியில் ஆற்றில் இறங்கி உயிரை விடுகிறாள்.

இதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். காரணம் ஜூன். லில்லியை அந்த வீட்டில் ஏற்காத ஒரே ஆள் அவள். முதல் வாசிப்பில் பலருக்கு ஜூன்மேல் எரிச்சல் வரும். அப்புறம்தான் விஷயம் தெரிகிறது. ஆசிரியர் வேலைக்குப் படித்த ஆகஸ்ட், லில்லியின் அம்மா சிறுமியாக இருந்த வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். அக்காவின் படிப்பு அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் கரைந்ததை ஜூனால் மறக்க முடியவில்லை. அந்தக் கோபத்துக்கு முழு நியாயம் இருக்கிறது. நாவல் அவளை இன்னும் கொஞ்சநேரம் கோபமாகவே விட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

[திரையில்: 1964 ஜூலை 2. ஜனாதிபதி ஜான்சன், நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திடும் படம்.]

இப்போது நாவலின் தொடக்கத்துக்குப் போவோம். இந்தக் கையெழுத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் ரோசலீன் வாக்காளராகப் பதிவு செய்யக் கிளம்புகிறாள். வழியில் மூன்று வெள்ளைக்காரர்கள் வம்பிழுக்கிறார்கள். அவள் தன் புகையிலை எச்சிலை அவர்கள் காலணியில் ஊற்றுகிறாள். கைதாவது அவள்தான். அதோடு விடவில்லை, சிறைக்கே வந்து அடிக்கிறார்கள். அடித்தவர்கள் கேட்டது என்ன தெரியுமா? மன்னிப்பு. அவள் தன்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்கிறான் ஒருவன். ரோசலீன் கேட்கவே இல்லை.

மன்னிப்பு பற்றிய நாவல் என்று இதைக் கொண்டாடுகிறோம். லில்லி அம்மாவை மன்னிக்கிறாள், தன்னையே மன்னிக்கப் பழகுகிறாள். எல்லாம் ஒரு குடும்பத்துக்குள் நடப்பது. நிறத்தின் பேரால் நடந்த கொடுமைக்கு யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. அந்தக் கணக்கில் மன்னிப்பு கேட்கச் சொல்லி அடிவாங்கியவள் பாதிக்கப்பட்டவளே. மனத்தாங்கல் கொண்ட வாசகர்கள் இந்த இடைவெளியைத்தான் தொடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையைக் கைவிடாத கறுப்பினக் கலைஞர்களும் இருக்கிறார்கள். 2008-இல் ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் இதைப் படமாக இயக்கினார், குயீன் லத்தீஃபா ஆகஸ்டாக நடித்தார். 2019-இல் இது இசை நாடகமானபோது அதன் வசனப் பகுதியை எழுதியவர், புலிட்சர் பரிசை இருமுறை வென்ற லின் நாட்டேஜ். அவர்கள் செய்ததும் ஒருவகையில் வாசக எதிர்வினைதான்.

கடைசியாக ஒன்று. நாவல் முடியும் தறுவாயில், தொடங்கிய வேலையை முடிக்க ரோசலீன் மறுபடி வாக்காளராகப் பதிவு செய்யப் போகிறாள். லில்லி கூடப் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். கதையைச் சொல்பவள் லில்லி. அதனால் அந்த அலுவலகத்தில் ரோசலீன் பேனாவை எடுத்த நொடியை நாம் பார்க்கவே இல்லை.