ஸ்கூல் பட்ஜெட் வோட்டு: அந்த 2% கதையை நம்பாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு காபி டம்ளர் இல்லாமயே உக்காந்துட்டேன், அவ்ளோ எரிச்சல். "ஸ்கூல் டேக்ஸ் 2%க்கு மேல ஏத்தவே முடியாது, சட்டம் இருக்கு"ன்னு ஒரு வாட்ஸாப் ஃபார்வர்ட் சுத்துது. ரெண்டு வீடியோல சொல்லியாச்சு, இது தப்புன்னு. சரி, மூணாவது தடவை.

இது நியூயார்க் ஸ்டேட்காரங்களுக்கு. லாங் ஐலண்ட், வெஸ்ட்செஸ்டர், ஆல்பனி பக்கம் எல்லாரும் உக்காருங்க. குயின்ஸ்காரங்க கிளம்பலாம். நியூயார்க் சிட்டி, யாங்கர்ஸ், பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ், இந்த அஞ்சு ஊருக்கும் ஸ்கூல் பட்ஜெட் வோட்டே, அதாவது ஸ்கூல் செலவுத் திட்டத்துக்கு மக்கள் ஆமா, இல்லன்னு போடுற வோட்டே கிடையாது. அங்க அது சிட்டி பட்ஜெட்டோட போயிடும். மத்தவங்களுக்கு மே மாசம் மூணாவது செவ்வாய். 2026ல அது 19ஆம் தேதி.

இப்போ அந்த 2%. 2011ல வந்த சட்டம் கட்டுப்படுத்துறது லெவியை. லெவின்னா உங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் முழுக்க வீட்டு வரியா வசூலிக்கிற மொத்தத் தொகை. உங்க பில் இல்ல! 2% அல்லது விலைவாசி உயர்வு, எது கம்மியோ அதுல கணக்கு ஆரம்பிக்கும். அதுமேல புதுசா கட்டின வீடுங்க, கட்டடக் கடன், பென்ஷன் செலவுல ஒரு பகுதின்னு ஏத்தி இறக்குவாங்க. உங்க டிஸ்ட்ரிக்ட்டுக்கு லிமிட் 3.8%னு வரும், பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு 1.6%னு வரும், ரெண்டு பேருமே "கேப்புக்குள்ளதான், அதாவது லிமிட்டுக்குள்ளதான் இருக்கோம்"னு பெருமையா அச்சடிப்பாங்க. பொய்யும் இல்ல.

ஒரு கணக்கு போடுவோம். லெவி 10 கோடி டாலர், அது 3% ஏறுது, 10.3 கோடி. உங்க வீட்டு பில் 12,000 டாலர்னா, வேற எதுவும் மாறலேன்னா 360 ஏறும். ஆனா டவுன்ல வீடுகளை மறுமதிப்பீடு பண்ணி, ஊர்ல மத்த வீடுகளைவிட உங்க வீடு அதிகமா ஏறியிருந்தா 360ஓட நிக்காது. லெவி ஒரு டாலர்கூட ஏறாத வருஷத்துலயும் உங்க பில் ஏறலாம். அதுக்கு ஸ்கூல் போர்டைத் திட்டிப் பிரயோஜனமில்ல.

தபால்ல ஒரு பட்ஜெட் நோட்டீஸ் வரும், வோட்டுக்கு 6 நாளைக்கு முன்னாடியாவது அனுப்பியிருக்கணும். சிரிக்கிற குழந்தை படம் போட்ட பளபள நியூஸ்லெட்டரைச் சொல்லல, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் சொல்றது கட்டம் போட்ட மொட்டைத் தாள். மூணு காலம், அதாவது மேலருந்து கீழ போற மூணு வரிசை இருக்கும்: இந்த வருஷ பட்ஜெட், அடுத்த வருஷத்துக்குக் கேக்குறது, கடைசில கன்டின்ஜென்சி, அதாவது மக்கள் வேணாம்னு சொல்லிட்டா ஓட்டவேண்டிய பட்ஜெட். அந்தக் கடைசி காலத்தைத்தான் யாரும் படிக்கிறதில்ல! வோட்டு தோத்தா ஜூன் மூணாவது செவ்வாய் இன்னொரு தடவை கேக்கலாம். அதுவும் தோத்தா கன்டின்ஜென்சிதான், லெவி போன வருஷத்தைவிட ஒரு டாலர் கூடக்கூடாது. எதை வெட்டுவோம்னு அந்தக் கட்டத்துக்குக் கீழே எழுதியிருக்கும். அதைப் படிச்சிட்டு வேணும், வேணாம்னு முடிவு பண்ணுங்க.

ஆங், லிமிட்டைத் தாண்டிக் கேட்டா பாதிக்கு மேல வோட்டு வாங்கினா பத்தாது, 60% வேணும். அதையும் அதே தாள்ல பாருங்க. டிஸ்ட்ரிக்ட் காசுல விவரம் சொல்லலாம், "ஆமான்னு போடுங்க"ன்னு கேக்கக்கூடாது.

அடுத்து தபால் வோட்டு. நவம்பர் எலெக்‌ஷன்ல தேர்தல் நாளுக்குள்ள முத்திரை விழுந்திருந்தா, கவர் சில நாள் கழிச்சு வந்தாலும் எண்ணுவாங்க. இங்க முத்திரைக்கு மதிப்பே இல்ல! வோட்டு நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள டிஸ்ட்ரிக்ட் கிளார்க் கைக்குப் போயிருக்கணும். பூத் ராத்திரி 9 வரைக்கும் திறந்திருந்தாலும் சரி, 5:01க்கு வந்த கவர் செல்லாது. அஞ்சு! திங்கக்கிழமை தபால் பெட்டில போட்டுட்டு நிம்மதியா இருக்காதீங்க. பேலட்டைத் தபால்ல வாங்கணும்னா விண்ணப்பம் 7 நாளைக்கு முன்னாடியே கிளார்க்கிட்ட இருக்கணும். நேர்ல வாங்குறதுன்னா முந்தின நாள் வரைக்கும் டைம்.

ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கணும். வோட்டு போட அமெரிக்க குடியுரிமை வேணும், 18 வயசு, டிஸ்ட்ரிக்ட்டுல 30 நாள் குடியிருப்பு. சில டிஸ்ட்ரிக்ட்டுல முன்கூட்டி பதிவே கிடையாது, பேரும் அட்ரஸும் கேட்டுக் கையெழுத்து வாங்கிட்டு பேலட்டை நீட்டிடுவாங்க. "வீட்டு வரி கட்டுறோமே"ன்னு எச்1பி, க்ரீன் கார்டுகாரங்க தெரியாமப் போட்டுடாதீங்க. சட்டத்தை மீறி வோட்டு போட்டா நாடு கடத்துற அளவுக்குப் போகும், நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கும் அதுவே வேட்டு வைக்கும். உங்களுக்கு இடம் ஹியரிங்தான், அதாவது பட்ஜெட்டைப் பத்திக் கேள்வி கேக்குற பொதுக் கூட்டம். வோட்டுக்கு 7லேர்ந்து 14 நாளைக்கு முன்னாடி நடக்கும். அந்த நோட்டீஸோட மூணாவது காலத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கேளுங்க.

இன்னொண்ணு விட்டுட்டேன். பூத் எங்க, எத்தனை மணிக்குன்னு டிஸ்ட்ரிக்ட் சைட்ல பாத்துட்டுக் கிளம்புங்க. பெரும்பாலும் ஏதாவது ஸ்கூல் ஜிம்தான். நவம்பர்ல வோட்டு போட்ட ஃபயர் ஹவுஸுக்குப் போய் பூட்டை ஆட்டிக்கிட்டு நிக்காதீங்க.