அம்பலப்படுத்தினாரா, வெளிப்படுத்தினாரா?

அடுத்த கேள்வி, பாலக்கோட்டுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க ஊர்ல ஒருத்தர் ரொம்ப நாளா புனைபெயர்ல கவிதை எழுதிட்டிருந்தாராம். ஒரு விழாவுல மேடையேறி, 'அது நான்தான்'னு சொல்லிட்டார். இவங்க அதை 'கவிஞர் தன்னை அம்பலப்படுத்தினார்'னு எழுதியிருக்காங்க. தப்புன்னு சொல்லிட்டாங்களாம். ஏன் தப்புன்னு கேக்குறாங்க.

தப்புதாம்மா. இலக்கணம் சரியாத்தான் இருக்கு. ஆனா படிக்கிறவங்களுக்கு அந்த மனுஷன் ஏதோ திருட்டு வேலை பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுது!

அம்பலம்னா பலபேர் கூடுற பொது இடம், மன்றம். தில்லையில பொன்னம்பலம்னு சொல்றோம்ல, அதே அம்பலம். மலையாளத்துல இன்னிக்கும் கோயிலுக்கு அதான் பேரு. ஒருத்தர் மூடி வச்சதை இன்னொருத்தர் எடுத்துட்டு வந்து ஊர் முன்னால போட்டா, அது அம்பலப்படுத்துறது. மூடி வச்சதும் தப்பான காரியமா இருக்கணும். கார்பைடு கல்லு வச்சு மாங்காயைப் பழுக்க வச்சுட்டு, இயற்கையாப் பழுத்ததுன்னு விக்கிறாங்க. சோதனைக்கு வந்தவங்க கல்லை எடுத்துக் காட்டுறாங்க. 'மோசடியை அம்பலப்படுத்தினார்கள்'. கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

வெளிப்படுத்துறதுல அந்தக் குத்தம் ஒட்டாது. நம்ம பக்கம் பாரதக் கூத்து பாத்தவங்களுக்கு விராட பர்வம் தெரியும். 12 வருஷம் வனவாசம், 13ஆவது வருஷம் யார் கண்ணுலயும் படாம இருக்கணும். அகப்பட்டா மறுபடியும் காட்டுக்கு. பேடி வேஷத்துல இருந்த அர்ஜுனன், வன்னி மரத்துல ஒளிச்சு வச்ச காண்டீபத்தை எடுக்கச் சொல்லி, உத்தரன்கிட்ட தன்னோட பத்துப் பேரையும் சொல்றான். இது தன்னை வெளிப்படுத்திக்கிறது. துரியோதனன் என்ன சொல்றான்? கெடு முடியல, நீங்க அகப்பட்டுட்டீங்கங்கிறான். பீஷ்மர் கணக்குப் போட்டு, முடிஞ்சுதுன்னு சொல்றார். தானா வெளிப்பட்டாங்களா, அம்பலமானாங்களாங்கிறதுலதான் ராஜ்யமே நிக்குது பாருங்க.

இன்னொண்ணு, 'குட்டு உடைஞ்சுது'ன்னு சொல்றோம். ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுறவங்களைக் கேளுங்க, அவங்களுக்கும் குட்டுன்னா ரகசியம்தான். அதையும் இந்தக் கவிஞருக்குப் போட வேணாம். சாயம் வெளுத்துச்சு, வேஷம் கலைஞ்சுதுங்கிறதெல்லாம் அதே ஜாதி.

அப்ப 'தன்னைத்தானே அம்பலப்படுத்திக்கிட்டான்'னு சொல்லவே கூடாதான்னா, சொல்லலாம். பொய் சொல்லிட்டிருந்தவன் வாய் தவறி உளறிட்டா, அது சரியான பிரயோகம். இஷ்டப்பட்டு மேடையேறினவருக்கு அது பொருந்தாது.

அதனால தங்கச்சி, 'இத்தனை நாள் அந்தப் பெயரில் எழுதியவர் தாம்தான் என்பதை விழாவில் வெளிப்படுத்தினார்'னு மாத்திடுங்க. 'தன்னை வெளிப்படுத்திக்கொண்டார்'னாலும் சரிதான். ஆனா முதல்ல சொன்னதுல விஷயம் தெளிவா இருக்கு.