அரசு வேலையா, தனியார் வேலையா: மனசு எதைக் கேட்கிறது?

[திரையில்: மேசைமேல் இரண்டு பணி நியமன உத்தரவுகள்]

ஒன்று அரசு வேலை, இன்னொன்று தனியார். சம்பளத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாயிற்று, விடுமுறையையும் எண்ணியாயிற்று. ஆனாலும் மனசு ஒரு முடிவுக்கு வரவில்லை. ஏனென்றால், வேலையிலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி இன்னும் பாக்கி. ஆய்வாளர்கள் இதைப் பணி விழுமியம் என்கிறார்கள்.

"எனக்கு அரசு வேலைதான்" என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது பணி நிரந்தரம். மற்றவருக்கு நாலு பேருக்குப் பயன்பட வேண்டும். முதல் ஆசையில் தப்பே கிடையாது. ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டால் பின்னால் கஷ்டம்.

ஜேம்ஸ் பெர்ரி, லோயிஸ் வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் இந்த இரண்டாவது ஆசையை விளக்கி எழுதினார்கள். பொதுச்சேவை உந்துதல் என்று அதைச் சொல்லலாம். 1996இல் பெர்ரி அதற்கு ஓர் அளவுகோலும் தந்தார். கொள்கை வகுப்பதில் ஈடுபாடு, பொதுநலப் பற்று, இரக்கம், தன்னலம் துறத்தல் என்று அதில் நான்கு கூறுகள். பணி நிரந்தரம் அந்த நான்கில் வரவே வராது!

[திரையில்: கவுன்டர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர்]

கவுன்டர் மூட இன்னும் பத்து நிமிடம். பெரியவர் நீட்டிய படிவத்தில் ஒரு சான்றிதழ் குறைகிறது. விதிப்படி திருப்பித்தான் அனுப்ப வேண்டும். இரக்கத்தோடு இந்த வேலைக்கு வந்தவருக்கு மனசு கேட்காது. எந்தச் சான்றிதழ், எங்கே கிடைக்கும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார். இருந்தாலும் விதியை மீற அவரால் முடியாது. சேவை மனசுக்காரரை அரசு வேலையில் அதிகம் வருத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

தனியாரில் இதே குறையைச் சீக்கிரம் சரிசெய்ய வழி இருக்கலாம். அப்புறம், லாபம் வரவில்லையென்றால் அந்தச் சேவையையே நிறுத்திவிடவும் கூடும். வேகமும் புதுமையும் பிடித்தவர் இதைத் தாங்கிக்கொள்வார்.

சரி, ஒருவருக்குச் சேவை மனசு இருக்கிறதா என்பது முதல் வேலையிலேயே தெரிந்துவிடுமா? பிராட்லி ரைட், ராபர்ட் கிறிஸ்டென்சன் இருவரும் வழக்கறிஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. முதல் வேலை அரசா தனியாரா என்பதைப் பொதுச்சேவை உந்துதலை வைத்துக் கணிக்க முடியவில்லை. பிறகு மாறிய வேலைகளில்தான் அதன் தடம் தெரிந்தது.

[திரையில்: அதே மேசை, ஓர் உத்தரவில் மட்டும் கையெழுத்து]