பொருளுக்கு முன்னே ஒலி

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். அறிவியலின் ஆங்கிலச் சொற்களைக் கற்பவர் முதலில் கைக்கொள்ள வேண்டியது பொருளையா, ஒலிப்பையா என்பது இன்றைய வழக்கு. ஒலிப்பையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பொருள் தெரிந்தால் போதும், ஒலிப்பு நாட்டுக்கு நாடு மாறும் மேற்பூச்சு என்றார். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், அமீபா நகர்வதற்காக நீட்டும் போலிக்கால்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நான் பிழையின்றி எழுதுவேன், பொருளும் சொல்வேன். ஆனால் எழுத்துக் கூட்டி, ‘ப்செடோபோடியா’ என்றே மனத்துக்குள் படித்து வைத்திருந்தேன். பேராசிரியர் ‘சூடோபோடியா’ என்றபோது அது ஏதோ புதுச்சொல் என்று எண்ணி, அகராதியில் ‘எஸ்’ எழுத்து வரிசையில் வெகுநேரம் தேடினேன். பொருள் என் ஏட்டில் இருந்தும், சொல் என் காதருகே வந்து திரும்பிப் போய்விட்டது. செவியில் அடையாளம் தெரியாத சொல்லுக்குப் பொருள் தெரிந்து என்ன பயன், நடுவர் அவர்களே?

தமிழில் எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் ஒலி தானே வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கில அறிவியல் சொல்லை அணுகுவோர் தடுக்கி விழுவதற்குக் காரணம் உண்டு. அச்சொற்களுள் பல கிரேக்கத்திலிருந்து வந்தவை. ‘ப்ஸ்’ என்ற கூட்டொலிக்குக் கிரேக்கத்தில் தனியெழுத்தே இருக்கிறது. சொல்லின் முதலிலும் அது முழுதாக ஒலித்தது. ஆங்கிலம் பேசியோர் சொல்முதலில் அந்தப் ‘பி’யின் ஒலியை விட்டுவிட்டார்கள், எழுத்தை மட்டும் விடவில்லை. சைக்காலஜியில் ஒளிந்திருக்கும் ‘பி’ அப்படி நின்றதுதான். இன்னும் அழகான ஒரு சான்று: பறக்கும் தொல்லூர்வனவாகிய டெரோடாக்டிலின் முதலெழுத்து ‘பி’, அது ஒலிப்பதில்லை. ஹெலிகாப்டரின் நடுவிலும் அதே ‘பி’ இருக்கிறது, அங்கே ஒலிக்கிறது. இரண்டிலும் இருப்பது சிறகு என்று பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல். எங்கே ஒலிக்கிறது, எங்கே ஒலிக்கவில்லை என்று கவனித்தவருக்கே அந்த உறவு புலப்படும். ஆக, எதிரணியினர் போற்றும் வேர்ப்பொருளுக்குக்கூட ஒலியின் வழியே போகலாம்.

‘சி’ என்னும் எழுத்தைப் பாருங்கள். கால்சியம் என்ற ஒரே சொல்லில் அது முதலில் ககரமாகவும் அடுத்துச் சகரமாகவும் ஒலிக்கிறது. கிளைக்கோஜனில் ‘ஜி’ எழுத்தும் அவ்வாறே இரு வேடம் கொள்கிறது. பின்னால் ‘ஈ’, ‘ஐ’, ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் இவ்வொலிகள் பெரும்பாலும் மென்மையாகிவிடும் என்ற ஒரு குறிப்பே நூற்றுக்கணக்கான சொற்களைத் திறந்துவிடும். அழுத்தமும் அப்படித்தான்: அணுவைக் குறிக்கும் ‘ஆட்டம்’ என்பதில் முதலசையில் விழும் அழுத்தம், ‘அட்டாமிக்’ என்றானதும் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. ‘இக்’ என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையே அழுத்தம் பெறும்.

ஒலிப்பு மேற்பூச்சு என்பவர்கள் மருத்துவமனைக்குள் சற்று வரட்டும். குருதியில் சர்க்கரை குறைவது ஹைப்போகிளைசீமியா, மிகுவது ஹைப்பர்கிளைசீமியா. முன்னதற்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பின்னதற்குக் கொடுத்தால் கேடு. இரண்டையும் வேறாக்குவது ஓர் அசையின் ஒலிப்பு. உடலின் நடுக்கோட்டிலிருந்து கையை விலக்குவது அப்டக்ஷன், அதை நோக்கிக் கொணர்வது அடக்ஷன். காது ஏமாறக்கூடும் என்று அஞ்சியே உடற்கூற்றியல் ஆசிரியர்கள் பலர் ‘ஏ-பி’, ‘ஏ-டி’ என்று எழுத்துகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். பொருளைக் காக்கவே அவர்கள் ஒலியைக் காக்கிறார்கள்.

சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் ‘இலியம்’ என்ற ஒரே ஒலிப்பு உண்டே, அங்கே ஒலி என்ன செய்யும் என்று எதிரணித் தோழி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே ஒலி உதவாது. ஓர் எழுத்து மாற்றமும் பேசும் இடமுமே உதவும். ஆனால் அத்தகைய இரட்டைகள் சிலவே. நாட்டுக்கு நாடு மாறுகிறதே என்பதும் பெரிய தடையன்று. அலுமினியம், அலூமினம் என்ற இரண்டும் வழக்கில் உள்ள வடிவங்கள். இரண்டையும் அறிந்தவர் எங்கும் தடுமாறமாட்டார். மூன்றாவதாக ஒன்றைத் தாமே படைத்துக்கொள்பவர்தான் தடுமாறுவார்.

பொருள் மாறாதது என்றும் எண்ண வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் லவாய்சியே ஆக்சிஜனுக்கு ‘அமிலத்தை ஆக்குவது’ என்ற கருத்தில் பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ ஆக்சிஜனே இல்லை. பிளக்க முடியாதது என்று பெயர்பெற்ற ஆட்டத்துக்குள் 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். பொருள் திருத்தப்பட்டது, சொல் மட்டும் நின்றது.

எழுத்து, சொல், பொருள் என்று நம் பழைய இலக்கணம் வகுத்த வரிசையில் ஒலியைப் பற்றிய பகுதியே முதலில் நிற்கிறது. ஆகவே கற்பவர் தம் சொல்லேட்டின் முதல் கட்டத்தில் பொருளை எழுதும் முன், அகராதியின் குரலைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லி, அழுத்தம் விழும் அசையின் கீழ்க் கோடிட வேண்டும் என்கிறேன். தமிழெழுத்தில் ஒலிப்பைக் குறித்துக்கொள்வதும் போதாது: ‘பேஸ்’ என்று எழுதிவைத்தால், அது அமிலத்தோடு வினைபுரியும் காரமா, அலையின் கட்டமா என்று தேர்வுக்கு முந்திய இரவில் யார் வந்து சொல்வார்கள்?