விளக்குப் பட்டறையின் இணையப் பெயர் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். 2018-க்கு முன்பு, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு டொமைன் பெயர், அதாவது இணையதளத்தின் முகவரியாக அமையும் பெயர், பதிவு செய்து கொடுத்தேன். இரண்டொரு நாளில், இணையதளம் அமைத்துத் தருகிறோம் என்று முன்பின் அறியாதவர்கள் பட்டறைக்காரரைக் கைப்பேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். உங்களிடம் மட்டும் கொடுத்த எண் இவர்களுக்கு எப்படிப் போனது என்று அவர் கேட்டபோது, அது எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறிவிட்டது என்பதை முன்பே சொல்லாத குற்ற உணர்வு எனக்கு இன்றும் உண்டு.

அந்தப் பதிவேட்டு முறைக்கு ஹூஇஸ் என்று பெயர். 1982-இல் அதன் நெறிமுறை வெளியானபோது வலையமைப்பில் இருந்தவர்கள் ஆய்வாளர்களும் பொறியாளர்களுமாகச் சிலரே. ஒருவரையொருவர் தொடர்புகொள்ளவே முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் எழுதப்பட்டன. கடைக்காரரும் கைவினைஞரும் இணையத்துக்கு வந்த பின்னும் அந்த வழக்கம் தொடர்ந்தது. நம் வயல்களின் பட்டாவையும் இணையத்தில் பார்க்கலாம்; அதில் உரிமையாளரின் பெயரும் நிலத்தின் பரப்பும் இருக்குமே தவிர, கைப்பேசி எண் இராது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு அதே நாளில் தற்காலிக விதிகளைக் கொண்டுவர, இப்பெயர்களைப் பதிவு செய்து தரும் பதிவாளர் நிறுவனங்கள் பல, ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களின் விவரங்களையும் சேர்த்தே மறைத்தன. 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஹூஇஸ் கட்டாயமில்லை. கேட்பவர் யாரென்று அறிந்து அதற்கேற்ப விவரம் தரக்கூடிய ஆர்டிஏபி அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023-இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

இந்த மறைப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் கும்பகோணம் பாத்திரக்கடைகளிலும் சுவாமிமலைச் சிற்பக்கூடங்களிலும் ஒன்றை வற்புறுத்திச் சொல்லி வருகிறேன். தளம் அமைத்துக் கொடுத்தவர் உங்கள் டொமைன் பெயரைத் தம் பேரிலேயே பதிவு செய்திருந்தால், முன்பு ஹூஇஸில் பார்த்த உடனே தெரிந்துவிடும். இப்போது அந்த இடத்தில் மறைக்கப்பட்டது என்ற சொல்தான் நிற்கும். மறைந்துதானே இருக்கிறது என்று பொய்யான விவரம் கொடுப்பதும் ஆபத்து. பதிவாளர் நிறுவனம் விளக்கம் கேட்டு 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பெயர் முடக்கப்படலாம்.

விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஆண்டுக்கு ஒருமுறை பதிவுதாரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும் ஐகேன் விதி. அந்த அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்றால், தளம் அமைத்தவரை அழைத்து, பதிவாளர் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், புதுப்பிக்கும் நாள் வருவதற்குள் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.