கல்பாத்தி: ஒரு தெரு, ஒரு புழை

வணக்கம் நண்பர்களே. மணி ஆறரை ஆகிறது. பாலக்காட்டை ஒட்டிய கல்பாத்தியில், புழைக்கு, அதாவது ஆற்றுக்கு, இறங்கும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன். கொஞ்சம் காற்றுச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்கு நேரே இருக்கிற ஊர், காற்று சும்மா இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்ட இடம் அது. அந்த வழியாகத்தான் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இங்கே வந்து சேர்ந்தன. பாலக்காட்டு ராஜா கோயில் பூஜைக்காக அழைத்து வந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

வந்தவர்கள் வீடு கட்டிய இடத்தைப் பாருங்கள். காவிரிக் கரையில் பிறந்தவர்கள் ஆற்றை விட்டு விலகி உட்காரவே இல்லை. இது பாரதப்புழையில் போய்ச் சேரும் கல்பாத்திப் புழை. காலையில் குளிக்க, ஈரத்துணியோடு அப்படியே கோயிலுக்குப் போக. அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டிக் கூடவே எடுத்து வந்திருக்கிறார்கள்.

அப்புறம் கோயில். விசுவநாத சுவாமி, விசாலாட்சி. தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும், அதனால் ‘குண்டுக்குள் கோயில்’ என்று பெயர்; குண்டு என்றால் இங்கே பள்ளம். லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசியிலிருந்து பாணலிங்கம், அதாவது ஆற்றில் இயற்கையாகக் கிடைக்கும் லிங்க வடிவக் கல், கொண்டுவந்து, ராஜாவிடம் பொன் கொடுத்து இந்தக் கோயிலை எழுப்பச் சொன்னார் என்கிறார்கள். கல்வெட்டை வைத்துக் காலத்தை கி.பி. 1425 என்று கணக்கிடுகிறார்கள். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று ஒரு சொல்லும் உண்டு. எனக்கு இதில் பிடித்த விஷயம், ஊரின் ஆதிக்கதையில் ராஜாவைவிடப் பெரிதாக நிற்பவர் அந்த அம்மாள்தான்.

சரி, தெருவுக்கு வந்துவிட்டேன். இங்கே ‘கிராமம்’ என்றால் ஓர் அக்ரஹாரத் தெரு. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம் எல்லாம் அடுத்தடுத்த கிராமங்கள். வீடுகளைப் பாருங்கள், நடுவில் இடைவெளியே கிடையாது. இந்த வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டுகிறேன். இந்தத் திண்ணையின் சிவப்புத் தரை, முதுகு சாய்ந்து சாய்ந்தே சுவரோரம் வழுவழுவென்று ஆகிவிட்டது. நேற்று இங்கே ஒரு பாட்டி அப்பளம் காய வைத்துக்கொண்டிருந்தார். நான் தயங்கி நின்றதும், “எங்கேர்ந்து வரேள்? உள்ளே வாங்கோ, மோர் சாப்பிடலாம்” என்றார். சொன்னது தமிழ், சொல்லின் இழுப்பு மலையாளம். அந்த மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், இன்னும் நாக்கில் இருக்கிறது.

தேர்த் திருவிழா ஐப்பசிக் கடைசியில், அநேகமாக நவம்பர் நடுவில் வரும். மூன்று நாள் தேரோட்டம். முன்னால் ஜனங்கள் வடம் பிடிக்க, பின்னால் யானை நெற்றி வைத்துத் தள்ளும். மூன்றாம் நாள் அந்தியில் தேர்கள் எல்லாம் தேர்முட்டியில் ஒன்றாகச் சேரும். திருவிழாவை ஒட்டி சங்கீத உற்சவமும் நடக்கும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் முதலில் பாடம் கற்றது சாத்தபுரம் சுப்பய்யரிடம்தான்.

ஆனால் இந்தத் தெருவை அழகாக மட்டும் காட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 1924-ஆம் ஆண்டுத் தேரின்போது இங்கே வந்த ஈழவர்களை, அன்று தீண்டாமைக்கு ஆளாகியிருந்த ஒரு கேரளச் சமூகத்தினரை, அடித்து விரட்டினார்கள். பொது வழியில் நடக்கக் கூடாது என்ற தடை அது. அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது, விவகாரம் சென்னைச் சட்டசபை வரை போயிற்று. ஈழவர்களில் சிலர், பிறப்பால் வரும் சாதியை ஏற்காத இந்துச் சீர்திருத்த இயக்கமான ஆரிய சமாஜத்தில் சேர்ந்து நடக்கும் உரிமையைக் கேட்டார்கள். நான் இப்போது கேமராவோடு நிற்கும் இந்த வீதியில் நடக்க மனிதர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் தேரைக் காட்டினால் பாதிக் கதையாகிவிடும்.

இன்றைக்குக் கல்பாத்தி பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்ட இடம். நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. ஓடு ஒழுகுகிறது, மாற்றவும் கட்டுப்பாடு என்று அலுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவலை நியாயம்தான் என்று நினைக்கிறேன். வீட்டைக் காப்பாற்றச் சொன்னால் அதில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கவும் வேண்டும். பிள்ளைகள் சென்னை, மும்பை என்று போய்விட்டார்கள். பல கதவுகளில் பூட்டு தொங்குகிறது.

புழைக்கே திரும்பி வந்துவிட்டேன். மேலே மலம்புழை அணை 1955-இல் வந்த பிறகு இந்தத் தண்ணீரின் போக்கு மாறிவிட்டது. கோடையில் பாறையும் புல்லும்தான் தெரியும். 2018 ஆகஸ்டில் ஷட்டர்களைத் திறந்தபோது கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

இப்போது கணுக்கால் அளவுதான் ஓடுகிறது. கீழ்ப்படியில் ஒரு தாத்தா வேட்டியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். அவருடைய நேரம் இது, கேமராவை அணைத்துவிடுகிறேன். நவம்பரில் தேருக்கு வருகிறேன், இதே படியில் பார்ப்போம்.