அம்மிச்சி கட்டிய ரெண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸும் வயசான செல்களும்

வணக்கமுங்க. இன்றைக்குக் காளிங்கராயன் வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டே பேசவில்லை, திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். போன வியாழக்கிழமை வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நடந்தால் மூச்சு வாங்கும், பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

என் பாட்டி அம்மிச்சியை உங்களுக்குத் தெரியும், நம் சந்தகை வீடியோவில் இடியாப்பம் மாதிரி அதைப் பிழிந்தவர். வயசு 74, இரண்டு முட்டியிலும் வலி. ஈரோட்டில் ஒரு இடத்தில் சூடும் சிவப்பு வெளிச்சமும் தருகிற ஒரு பாயில் இலவசமாகப் படுக்க வைக்கிறார்கள் என்று பத்து நாளாகக் காலை ஆறு மணிக்கே டோக்கன் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். போனால் போகட்டும், நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை பார்த்தால் கையில் ரோஸ் கலர் ரசீது. அட்வான்ஸ் 2,000. பாயின் விலை 72,000, "உங்களுக்கு மட்டும்" 58,500! கருங்கல்பாளையம் சந்தையில் அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே பிடித்துவிடலாங்க. 58,500! தவணை வேண்டுமென்றால் மாதம் 5,200, பன்னிரண்டு மாதம். கூட்டிப் பாருங்கள், 62,400 வருகிறது. இதை அம்மிச்சிக்கு யாரும் சொல்லவில்லை.

ரசீதை எடுத்துக்கொண்டு நானே அங்கே போனேன். அங்கிருந்த விற்பனைக்காரர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உடம்பில் சாகாமல் கிடக்கிற வயசான செல்லையெல்லாம் இந்தப் பாய் 21 நாளில் வெளியேற்றிவிடும்." வயசான செல், அதாவது வயசான உயிரணு என்பது அவர் இட்டுக்கட்டியது இல்லை, அதனால்தான் ஆத்திரமே. 1961-இல் ஹேஃப்லிக், மூர்ஹெட் என்ற இருவர் மனித செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிட்டன. நின்ற செல் சாவதும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை. வீக்கத்தைக் கிளப்புகிற பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். 2011-இல் மரபணு மாற்றிய எலிகளில் இந்தச் செல்களை ஒழித்துப் பார்த்தபோது முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போயின. அதற்குப் பிறகுதான் மாத்திரை, ஊசி என்று எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள்.

மாத்திரை இல்லாமல், வெளியிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது மைக்கேல் ஷீட்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு செய்தது. கேட்காத ஒலியால், குறைந்த அதிர்வெண் அல்ட்ராசவுண்டால் வயசான செல்களைத் தட்டிப் பார்த்தார்கள். ஸ்கேன் சென்டரில் ஓடுவது மெகாஹெர்ட்ஸ் கணக்கு, இது கிலோஹெர்ட்ஸ்தான். நின்றுபோன செல்கள் மறுபடி பிரிய ஆரம்பித்தன, கிழட்டு எலிகளும் முன்னைவிட நன்றாக ஓடியாடின. கவனியுங்கள், அங்கே செல்லை வெளியேற்றவில்லை, எழுப்பிவிட்டார்கள். ஒழிப்பது ஒரு வழி, எழுப்புவது இன்னொரு வழி.

இஸ்ரேலில் 2020-இல் 64 வயதுக்கு மேற்பட்ட 35 பேரைக் காற்றழுத்தம் கூட்டிய அறையில் உட்காரவைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு 90 நிமிடம், 60 தடவை. ரத்தத்தில் வயசான டி செல்கள் (நோயை எதிர்க்கிற செல்கள்) குறைந்தன என்று எழுதினார்கள். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க ஆக்சிஜன் கொடுக்காத இன்னொரு குழு அதில் கிடையாது. அதனால் அதை வைத்து யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்.

சரி, பாய்க்கு வருகிறேன். அதில் சிவப்பு பல்ப் இருக்கிறது. சிவப்பு வெளிச்சமும் வெறும் கதை இல்லை. 1967-இல் ஹங்கேரியில் மெஸ்டர் என்ற மருத்துவர் மழித்த எலி மேல் லேசர் காட்டினார், முடி சீக்கிரம் முளைத்தது. அதனால் விற்பனைக்காரரிடம், "இந்த வெளிச்சத்தோட அலைநீளம் எத்தனை நானோமீட்டருங்க?" என்று கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்த சுவிட்சைக் காட்டினார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் நல்ல சூடு, ஓரம் ஜில்லென்று இருந்தது. பாதி பல்ப் எரியவே இல்லை. அம்மிச்சிக்கு வலி குறைந்தது உண்மைதான். சூட்டுக்குக் குறையும். நம் வீட்டு வெந்நீர்ப் பை 320 ரூபாய்.

அட்வான்ஸைத் திரும்ப வாங்கியதைச் சொல்லியே ஆகவேண்டும். ரசீதின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் "திருப்பித் தரப்படாது." நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன். அவர் மேனேஜருக்குப் போன் போட்டார், மேனேஜர் எடுக்கவில்லை. டோக்கனோடு காத்திருந்த பெரியவர்கள் முன்னால், "வயசான செல்லை வெளியேற்றும்னு இந்த ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மீதிப் பணத்தை இப்பவே கட்டறேன்" என்றேன். எழுதவில்லை. நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி அம்மிச்சி கையில் கொடுத்தார்.

ஒன்று மறந்தே போச்சு. வயதானவர்களை 12 வாரம் முறையாக உடற்பயிற்சி செய்ய வைத்த ஒரு ஆய்வில், ரத்தத்தில் இந்த வயசான செல்களின் அடையாளங்கள் குறைந்திருந்தன. எனக்கு இதைவிடப் பிடித்த சேதி வேறு இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டோம். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ஆறு தடவை. இன்றைக்குக் காலையில் பதினொன்று, பன்னிரண்டாவதுக்கு நான்தான் போதும் என்று நிறுத்தினேன். "எண்ணிக்கையைச் சரியாச் சொல்லு கண்ணு" என்று உள்ளே இருந்து சத்தம் வருகிறது. பதினொன்றுதாங்க அம்மிச்சி, பதினொன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன்.